யார் அந்த மணிவண்ணன்?

பல் ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியாயிற்று. கத்தரிக்கோலும் தட்டில் வந்துவிட்டது. ஆனால் ரிப்பனை வெட்ட வேண்டிய பஸ் டிரைவர், கதவோரச் சுவரில் மாட்டியிருந்த பித்தளைப் பலகையை முறைத்துக்கொண்டு நின்றார்.

'திறந்து வைப்பவர்: டாக்டரின் தந்தை திரு. மணிவண்ணன்.'

"யாருடா இந்த மணிவண்ணன்?"

பல் டாக்டர் நெளிந்தான். "நீங்கதாம்ப்பா. மெதுவாப் பேசுங்க, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டுமே! உங்கப்பன் பேரு மண்ணாங்கட்டி. உனக்கு மறந்துபோச்சா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டிரைவருக்கு உச்சந்தலைவரை கொதித்தது. சிரிப்பு ஒன்றும் புதிதில்லை. டிப்போவுக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு கண்டக்டரும் பேர் கேட்பான். "மண்ணாங்கட்டி" என்பார். "கோவிச்சுக்காம சொல்லுங்கண்ணே" என்பான். அவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தவர்தான். அவர்கள் ஊரார். இவன் பெற்ற பிள்ளை அல்லவா?

"இனிஷியல்கூட மாறலப்பா. ரெண்டுமே ம தானே?"

"அடேங்கப்பா, என்ன சிக்கனம்! ஒரு எழுத்த விட்டுவச்சிட்டு அப்பனையே மாத்திட்ட!"

மகனுக்கும் ரோஷம் வந்துவிட்டது. "ஸ்கூல்ல வாத்தியார் அப்பா பேரக் கேட்டா கிளாஸே சிரிக்கும். அவரும் சேந்து சிரிப்பாரு. அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மகன் ஒருநாளும் வீட்டில் மூச்சு விட்டதில்லை. ஆனாலும் டிரைவருக்கு ஆத்திரம் தணியவில்லை.

"எனக்கு முன்னாடி எங்கம்மாவுக்கு மூணு பிள்ளைங்க. மூணுக்கும் ராஜா பேராப் பாத்துப் பாத்து வச்சாங்க. ஒண்ணுகூட நடக்கற வயசத் தாண்டல. அப்புறம்தான் நான். சாவு வந்து எட்டிப் பாத்தாலும், 'சீ, இது வெறும் மண்ணாங்கட்டி, இத எவன் தூக்கிட்டுப் போவான்'னு திரும்பிடட்டும்னு வச்ச பேருடா இது! அப்பல்லாம் தெருவுக்கு ஒரு மண்ணாங்கட்டி. எங்க கிளாஸ்லயே பெரிய மண்ணாங்கட்டி, சின்ன மண்ணாங்கட்டின்னு ரெண்டு பேரு. அத்தன வீட்லயும் பிள்ள செத்திருக்குன்னு அர்த்தம். இப்ப யாரும் வைக்கறதில்ல. பிள்ளைங்க பொழைக்குது, நல்லதுதான். ஆனா என்னைய உசுரோட வச்ச பேர மறைக்க நீ யாருடா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டத்திலிருந்த டிரைவரின் மனைவி மகனிடம் வந்தாள்.

"பலகையக் கழட்டுடா."

"இப்பவாம்மா? எல்லாரும் இருக்காங்க..."

"இருக்கட்டும். கழட்டு."

உள்ளே விளக்கு மாட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீஷியனிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி, புது வெள்ளைக் கோட்டோடு வியர்க்க வியர்க்க டாக்டரே கழற்றினான். சுவரில் ஓட்டைகள் மட்டும் மிஞ்சின. டிரைவர் கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை ஒரே வெட்டாக வெட்டினார்.

"அடுத்த வாரமே புதுசு மாட்டிடறேம்ப்பா," என்றான் மகன், தலையைக் குனிந்துகொண்டு.

"மூணு சுழி ண. தப்பில்லாம எழுதச் சொல்லு," என்று உறுமிவிட்டு, நீட்டிய ஜூஸைக்கூடத் தொடாமல் படியிறங்கினார்.

மனைவி பின்னாலேயே ஓடிவந்தாள். பாதித் தெரு வந்ததும் அவர் சட்டென்று நின்றார்.

"சிரிச்சானாமே, அந்த வாத்தியார்... அவன் இப்ப எங்க இருக்கான்?"