ஒரே பச்சை

சிசுரு தேநீரை நீட்டியபோது அந்த முதியவர் வாங்கிக்கொள்ளாமல் எழுந்து நின்று குனிந்தார். தகனக்கூடத்தின் காத்திருப்பு அறையில் அவளும் அம்மா நொபுகோவும் அவரும் மட்டுமே. அப்பா உள்ளே எரிந்துகொண்டிருந்தார். இன்னும் பத்து நிமிடம் ஆகும் என்றிருந்தார்கள்.

“எம் பேரு உகாய். உங்கப்பா வேலை பார்த்த அணுமின் நிலையத்துல, அந்த விசாரணை அறிக்கையை எழுதினவன்.”

சிசுரு கோப்பையை மேசையில் வைத்தாள். இருபத்தொன்பது வருடங்களுக்கு முன் அப்பா தவறான வால்வை மூடினார். அணு உலை தானாக நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்றது அறிக்கை. அதன்பிறகு ஓய்வு பெறும்வரை அவருக்குக் கிடங்கு வேலைதான். பள்ளியில் சிசுருவுக்கு ‘வால்வு’ என்றே பெயர்.

“இப்ப எதுக்கு வந்தீங்க?”

“மனுஷன் எத்தனை தடவைக்கு ஒரு தடவை தப்பு பண்ணுவான்னு கணக்கு பாக்கறது என் தொழில்மா. வழக்கமா ஆயிரத்துக்கு ஒண்ணு வரும். அந்த இடத்துல இருபதுக்கு ஒண்ணு வந்துச்சு. ரெண்டு வால்வோட கைப்பிடியும் பக்கத்துப் பக்கத்துல, ஒரே பச்சை. பேர்ப்பலகை சுவத்தைப் பாத்துத் திரும்பியிருந்துச்சு. என்னிக்காவது யாராவது மாத்தி மூடித்தான் இருப்பாங்க. அன்னிக்கு அங்க இருந்தது உங்கப்பா கை.”

“இதை நீங்க எழுதலையே.”

“எழுதினேன். அந்தப் பக்கத்தை எடுக்கச் சொன்னாங்க. எடுத்துட்டேன்.”

“அது தெரியாமலே போயிட்டாரு எங்கப்பா.”

“இல்லம்மா. மறுவருஷமே வீட்டுக்கு வந்து சொன்னேன். ‘ரெண்டுக்கும் வேற வேற வண்ணம் அடிச்சாச்சா?’ன்னு கேட்டாரு. அடிச்சாச்சுன்னேன். ‘அப்ப சரி, சாப்பிட்டுப் போங்க’ன்னாரு.”

“கத்திரிக்காய் ஊறுகாயை ரெண்டாந்தரம் கேட்டு வாங்கினீங்க” என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

சிசுரு திரும்பினாள். “உனக்கும் தெரியுமா?”

“அவருதான் சொல்லாதேன்னாரு. பள்ளிக்கூடத்துல போய் சண்டை போடுவியாம்.”

“போட்டிருப்பேன்.”

வெள்ளைக் கையுறை அணிந்த ஊழியர் கதவருகே வந்து, தகனம் முடிந்ததென்று தலை தாழ்த்தினார். உகாய் தன் கோட்டை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார். அம்மா உள்ளே போய்விட்டாள். சிசுரு ஓரடி வைத்து நின்றாள்.

“சார், அந்தப் பக்கம் இல்ல. இப்படி வாங்க.”

தட்டில் எலும்புகள் வெண்மையாகக் கிடந்தன. வழக்கப்படி ஒவ்வொன்றையும் இருவர் சேர்ந்து குச்சிகளால் எடுத்துக் கலசத்தில் இட வேண்டும். சிசுரு ஒரு ஜோடி மூங்கில் குச்சிகளை அவரிடம் கொடுத்தாள். கால் எலும்பின் ஒரு முனையை அவர் பற்றினார், மறுமுனையை அவள். எலும்பு நழுவித் தட்டிலேயே விழுந்தது.

அவர் குச்சிகளைச் சரியாகப் பிடிக்கும்வரை காத்திருந்து, அவள் மறுபடியும் தன் முனையைப் பிடித்தாள்.