கழுவாத டேட்டா

"உங்க பழைய டேட்டாவை அப்படியே குடுங்கக்கா. கழுவ வேணாம், துடைக்க வேணாம். அழுக்கோட குடுங்க. நான் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேன். உயிரே போனாலும் கஸ்டமரிடம் இதைக் கேட்கக் கூடாது என்று வேலையில் சேர்ந்தபோதே சொல்லியிருந்தார்கள். மேசைக்கு அடியில் டீம் லீட் என் காலை மிதித்தார். நல்ல கனமான ஷூ. காலை நகர்த்திக்கொண்டேன். பேச்சை நகர்த்தவில்லை.

எதிரே இருந்த அக்காவுக்கு டைல்ஸ் கடை. முன்னால் கண்ணாடி ஷோரூம், பின்னால் கூரை உயரத்துக்குப் பெட்டிகள் அடுக்கிய குடோன். பில், ஸ்டாக், வரவு செலவு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் எங்கள் சாஃப்ட்வேரை வாங்கியிருந்தார். வாங்கியதோடு சரி. பழைய சாஃப்ட்வேரில் இருப்பது புதியதற்குள் வரவே மாட்டேன் என்றது. அதற்கு நாங்கள் கொடுக்கும் மருந்தின் பெயர் டெம்ப்ளேட். கட்டம் கட்டமாக ஓர் எக்செல் கோப்பு. கஸ்டமரே நிரப்பி அனுப்ப வேண்டும். தப்பிருந்தால் சிவப்படித்துத் திருப்பி அனுப்புவோம். அக்காவின் தம்பி நிரப்பி அனுப்பினார், திரும்பி வந்தது. திருத்தி அனுப்பினார், மறுபடியும் வந்தது.

"இன்னொரு வாட்டி வந்துச்சுன்னா உங்க சாஃப்ட்வேரையும் சேத்து மடிச்சு அனுப்பிடுவேன்," என்றார் அக்கா. "இவன் பொண்டாட்டி என்ன சொல்றா தெரியுமா? நீ வீட்டுக்கு வராட்டியும் பரவாயில்ல, அந்த எக்செல்லைத் தூக்கிட்டு வராதங்கறா."

பக்கத்தில் இருந்த தம்பி கொட்டாவியை அடக்கிக்கொண்டார். தூங்கி நாளான முகம்.

"மேடம், டெம்ப்ளேட்தான் ஸ்டாண்டர்ட் முறை," என்று லீட் ஆரம்பித்தார்.

"அது எதுவா வேணா இருக்கட்டும் சார். இந்தப் பொண்ணு கேக்கறதைக் குடுக்கறோம். டேய், குடுத்துடு."

திரும்பும்போது காரில் லீட் கதவை அடித்துச் சாத்தினார். "கஸ்டமர் நிரப்பினா தப்பு கஸ்டமரோடது. அழுக்கை நாம வாங்கினா தப்பு நம்மளோடது. இதுகூடவா புரியல?"

"புரியுது சார். புரிஞ்சுதான் கேட்டேன்."

"அப்ப நீயே பண்ணு. முடியலைன்னா நான் சொல்ற வரைக்கும் காத்திருக்காத. நீயே ராஜினாமா பேப்பர் போட்டுட்டுக் கிளம்பு."

"சரி சார்."

"கோபத்தைப் பாரு. வீட்டுல முதல் பட்டதாரின்னாலே இப்படித்தான். ஊரே தன்னை மிதிக்குதுன்னு நினைப்பு."

"தடம் இருக்கு சார், காட்டவா?"

டிரைவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

கட்டங்கள் மேல் எனக்குள்ள கோபம் இந்த ஆபீசில் தொடங்கியதல்ல. எங்கள் வீட்டில் படிவம் நிரப்பத் தெரிந்த முதல் ஆள் நான். கல்லூரி விண்ணப்பம், 'கடைசிப் பெயர் கட்டாயம்' என்றது. எங்கள் வீட்டில் யாருக்கும் கடைசிப் பெயர் என்று தனியாகக் கிடையாது. இருக்கிற ஒரு பெயரைத்தான் முதலிலிருந்து கடைசிவரை வைத்துக்கொண்டிருக்கிறோம். காலியாக விட்டால் சிவப்பு. லோடு வண்டி ஓட்டும் என் அப்பா பின்னால் நின்றுகொண்டு, சோதனைச் சாவடியில் பேசும் குரலில், "நாம ஏதாவது தப்பு பண்ணிட்டமா?" என்று கேட்டார். நான் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் என் பட்டத்திலும் சம்பளச் சீட்டிலும் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் பெயருக்குப் பின்னால் அந்தப் புள்ளி இருக்கிறது.

அக்கா கடை டேட்டா வந்தது. அழுக்கென்றால் அப்படியோர் அழுக்கு. போன் நம்பர் இருக்க வேண்டிய இடத்தில் 'எடுத்தால் கத்துவார்' என்றிருந்தது. விலாசத்தில் 'மச்சானிடம் கேள்' என்றிருந்தது. நான் ஒரு கருவி எழுதினேன். பழைய டேட்டாவை அப்படியே விழுங்கும். எது எங்கே போக வேண்டும் என்று அதுவே ஊகித்து, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். ஊகிக்க முடியாத இடத்தில் சிவப்படிக்காது. மனிதர் பேசும் பேச்சில் கேட்கும்: 'இது நம்பர் மாதிரி தெரியலையே, குறிப்பா வெச்சுக்கட்டுமா?'

எழுதிக்கொண்டே வரும்போதுதான் அவற்றைப் பார்த்தேன். டைல்ஸ் பெயர்களுக்கு முன்னால் புள்ளிகள். ஒரே பெயர்தான். ஆனால் ஒன்றுக்கு ஒரு புள்ளி, அடுத்ததற்கு ரெண்டு, அதற்கடுத்ததற்கு மூணு.

லீட் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "குப்பை. கை தவறி அடிச்சிருக்காங்க. புள்ளியைத் தூக்கிட்டு எல்லாத்தையும் ஒண்ணாக்கு."

"கை தவறினா இவ்வளவு ஒழுங்கா தவறாது சார்."

"பின்ன என்னவாம்?"

"தெரியாது. கேக்கப் போறேன்."

கட்டத்தில் இடம் கிடைக்காத எதையோ யாரோ புள்ளியாக வைத்திருக்கிறார்கள். அதுவரை எனக்குத் தெரியும், நானும் வைத்தவள். மீதியைக் கருவியிடம் ஒப்படைத்தேன்.

கடையில் திரை அந்தக் கேள்வியைக் கேட்டது: 'பேருக்கு முன்னாடி புள்ளி இருக்கு. இது எதைக் காட்டுது?'

தம்பி அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு குடோனுக்குள் போய் ரெண்டு டைல்களைத் தூக்கிவந்து, வாசலில் வெயில் விழும் இடத்தில் ஒட்டி வைத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணுதான்," என்றார் என்னோடு வந்திருந்த லீட்.

"குனிஞ்சு பாருங்க சார்."

குனிந்தோம். ஒன்றில் மட்டும் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது.

"ஒவ்வொரு தடவை சூளைல சுடறப்பவும் நிறம் ஒரு இழை மாறும். பேரு ஒண்ணுதான், ஆனா கலந்து போட்டா ஹால் நடுவுல திட்டுத் திட்டாத் தெரியும்."

"அப்புறம் வீட்டுக்காரன் டைலைப் பேத்தெடுக்க மாட்டான், என்னைத்தான் பேத்தெடுப்பான்," என்றார் அக்கா.

பழைய சாஃப்ட்வேரில் இதைக் குறிக்க இடமில்லை. அதனால் புள்ளி. முதல் சூளைக்கு ஒன்று, அடுத்ததற்கு ரெண்டு. தம்பி என்னைப் பார்த்துச் சொன்னார்: "டெம்ப்ளேட்ல புள்ளி வெச்சா செல்லாத எழுத்துன்னு சிவப்பு. எடுத்தா ஒரே பேரு திரும்ப வருதுன்னு சிவப்பு. வெப்பேன், எடுப்பேன், வெப்பேன், எடுப்பேன். எனக்குத்தான் மூளை இல்லன்னு நினைச்சுட்டேங்க."

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. ஏனென்றால் எங்கள் சாஃப்ட்வேரில் இதற்கென்றே 'பேட்ச்' என்று ஓர் இடம் இருக்கிறது. டெம்ப்ளேட்டில்தான் அதை விட்டிருந்தார்கள், சின்னக் கடைக்கெல்லாம் இது எதற்கு என்று. நான் லீட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அசிங்கமாக எதையாவது சொல்லியிருப்பேன். திரையில் ஒரு சொல்லைத் தட்டினேன்: பேட்ச். பொத்தானை அழுத்தினேன்.

குடோன் முழுவதும் பெட்டி பெட்டியாகத் திரைக்குள் இறங்கியது. ஒரு சிவப்பு இல்லை. தம்பி சோதித்துப் பார்க்க ஒரு பில் போட்டார். எந்த பேட்ச் என்று சாஃப்ட்வேரே கேட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்த எக்செல் கோப்பைக் குப்பைத்தொட்டிப் படத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இருடா," என்று அக்கா அவர் கையைத் தட்டிவிட்டு மவுசைப் பிடுங்கினார். "உன் பொண்டாட்டிக்கு வீடியோ கால் போடு. அவ பாக்க நான்தான் குப்பையில போடுவேன்."

போட்டார். போனுக்குள்ளிருந்து கைதட்டல் கேட்டது.

ஆபீசிலும் கைதட்டினார்கள். எம்.டி. என்னை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். லீட் 'நாங்கள் உருவாக்கிய கருவி' என்று படம் போட்டு விளக்கினார். கடைசிப் படத்தில் அதற்கு 'பிரீமியம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெரிய கம்பெனிகளுக்கு மட்டும், தனிக் கட்டணத்தில்.

"சின்னக் கடைக்கு?" என்று கேட்டேன்.

"அவங்களுக்குத்தான் டெம்ப்ளேட் இருக்கேம்மா," என்றார் எம்.டி. "நீதான் இனிமே பிரீமியம் டீமுக்கு லீட்."

அன்று சாயங்காலம் அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "பதவி குடுத்தா யாராவது வேலைய விடுவாங்களாடி? விட்டுட்டு என்ன பண்ணப் போற?"

"இதே வேலையை."

"அப்ப எதுக்கு விடற?"

"எல்லாருக்கும் பண்றதுக்கு."

அம்மா ஒரு சட்டையை உதறினாள். "உங்கப்பன்கிட்ட நீயே சொல்லிக்க," என்றாள். சிரிப்பை மறைக்கச் சட்டை போதவில்லை.

கருவி கம்பெனியுடையது. ஒரு வரிகூட எடுத்துக்கொள்ளவில்லை. எழுதியவள் என்னோடுதானே வருகிறாள். இரண்டாம் தடவை இன்னும் நன்றாக எழுதுவாள். பெயிண்ட் கடைக்காரர் ஒருவர், அக்கா சொல்லி, தன் அழுக்கையெல்லாம் கட்டி வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தார்.

கடைசி நாள் லீட் என்னைக் கூப்பிட்டார். "முடியலைன்னா பேப்பர் போடுன்னுதானே சொன்னேன். முடிச்சதுக்கு அப்புறம் யாரு போடுவா?"

"நான்தான் சார்."

"சரி, இந்த ஃபார்மை முடிச்சுட்டுப் போ. 'விலகும் காரணம்' காலியா விட முடியாது, கட்டாயம்."

குனிந்து, அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். ஏற்றுக்கொண்டது.

அவர் திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தப் புள்ளிக்கு என்ன அர்த்தம்?"

"பரவாயில்ல சார். கேக்கக் கத்துக்கிட்டீங்க."

அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தேன்.