மூன்று வேளை மூச்சுவிடும் சுவர்

கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் கடைசி வருடத்தில் ஒரு மாதிரி ஆகிவிடுவார்கள் என்று அந்த வீட்டில் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். ஆனால் வாண்டு இந்த அளவுக்கு ஆவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இருபத்திரண்டு வயதாகியும் வீட்டில் அவளுக்கு வாண்டு என்றுதான் பெயர். உறவினர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். "இந்தச் சுவர் மூச்சே விடாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த காபியையும் குடிப்பாள். அடுத்த முறை அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள் என்றால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

கடைசி வருடத் தேர்வு என்னவென்றால், இயந்திரம் எதுவும் இல்லாமல் ஒரு நிஜ அறையைக் குளிர்விக்க வேண்டும். காகிதத்தில் வரைந்து காட்டினால் போதாது. தேறினால் பட்டம், தேறாவிட்டால் இன்னொரு வருடம். வாண்டு அப்பா அம்மாவின் படுக்கையறையைத் தேர்ந்தெடுத்தாள். மாடியில் மேற்குப் பக்கத்து அறை அது. பிற்பகல் வெயில் முழுவதையும் அதன் சுவர்தான் தனியாளாக வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கயிற்று வலை கட்டி, தொட்டிகளிலிருந்து கொடிகளை ஏற்றிவிட்டாள். சூடான காற்று வெளியேற, கூரையை ஒட்டிச் சுவரில் ஒரு நீளமான திறப்பு வைத்தாள். பிறகு ஏ.சி.யின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பைப் போர்த்திவிட்டு, வீட்டாரை வரிசையாக நிற்க வைத்தாள்.

"மூணு மாசம். யாரும் இதைத் தொடக் கூடாது. தொட்டா என் படிப்பு போச்சு."

"தொடுவோமா? நீ வேற" என்றார் அப்பா. மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டால்தான் அவருக்குச் சாயங்காலம் வாயில் பேச்சு வரும்.

"எனக்கெதுக்கும்மா அதெல்லாம்? நான் என்ன ஏ.சி.யிலயா பொறந்தேன்?" என்றாள் அத்தை. அப்பாவின் அக்கா. கீழே முன்னறையில் முழங்கால் வலியோடு குடியிருப்பவள்.

அம்மா கொட்டாவி விட்டாள், தலையாட்டினாள். அவள் மருத்துவமனையில் நர்ஸ். இரண்டு வாரம் பகல் வேலை, இரண்டு வாரம் இரவு வேலை. இரவு வேலை வாரங்களில் அவள் தலையாட்டினால் சம்மதம் என்று அர்த்தமில்லை, தூக்கம் என்று அர்த்தம். அதை வாண்டு கவனிக்கவில்லை.

அறையில் ஒரு சின்னக் கருவியை மாட்டினாள். வெப்பத்தை அதுவே விடாமல் குறித்துக்கொள்ளும். சாயங்காலம் கல்லூரியிலிருந்து வந்து அதைக் கணினியில் போட்டுப் பார்ப்பாள். முதல் நான்கு நாள் ஒன்றும் பிரமாதமாக இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோடு காலையில் ஒருமுறை சரிந்திருந்தது. மதியம் மறுபடி சரிந்திருந்தது. நாலு மணி வாக்கில் இன்னொரு முறை. வெளியே அனல் பறக்கும்போது உள்ளே ஒன்பது டிகிரி குறைவு!

இன்னொருத்தியாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். வாண்டு படித்த பிள்ளை. அதனால் விளக்கம் கண்டுபிடித்தாள். கொடிகள் இலை வழியாக நீரை வெளியேற்றிக் குளிர்விக்கின்றன, அதையும் ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூச்சு விடுவதுபோலச் செய்கின்றன என்று எழுதினாள். காலை மூச்சு மட்டும் இரண்டு வாரம் வந்து இரண்டு வாரம் வராமல் போனது. நாள்காட்டியைப் புரட்டினாள். வளர்பிறை, தேய்பிறையோடு ஏறக்குறையப் பொருந்தியது! நிலாவுக்கும் கொடிக்கும் உள்ள உறவைப் பற்றி நான்கு பக்கம் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எந்த மூச்சும் இல்லை. அதற்கும் பதில் இருந்தது: ஞாயிறன்று தெருவில் வண்டி குறைவு, புகை குறைவு, ஆகவே கொடிக்கு வேலை இல்லை.

அவளுடைய பேராசிரியைக்கு இதைப் படித்ததும் வாயெல்லாம் பல். இப்படி ஒரு மாணவி கிடைக்க மாட்டாளா என்று இருபது வருடமாக ஏங்கிக்கொண்டிருந்தவர் அவர். ஒரு கருத்தரங்கில் போய் 'மும்மூச்சுச் சுவர்' என்று பேசிவிட்டும் வந்தார். கடைசியில், வெளித் தேர்வாளரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கே நேரில் வருவதாக முடிவாயிற்று.

அன்றைக்கு வாண்டு கல்லூரிக்குப் போகவில்லை. காலையிலிருந்து அந்த அறையிலேயே உட்கார்ந்து கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலை மூச்சு வரவில்லை. இரவு வேலை முடித்து வந்த அம்மா வாசலில் வந்து நின்று, மகளைப் பார்த்து, "நீ இங்கயா இருக்கே?" என்று கேட்டுவிட்டுக் கீழே போய் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். மதியமாயிற்று. மதிய மூச்சும் வரவில்லை. வாண்டு கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். கெஞ்சினாள். கொடிகள் கம்மென்று இருந்தன. சாப்பிட வந்த அப்பா மாடிக்கு ஏறி, மகள் வியர்த்து வடிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"எத்தனை மணிக்கு வராங்க?"

"மூணு மணிக்குப்பா. ஒண்ணுமே எறங்கலப்பா. நான் ஃபெயிலாகப் போறேன்."

கீழே அத்தை கூப்பிட்டாள். "வாண்டு, வந்து ரெண்டு வாய் சாப்பிட்டுப் போ. வெறும் வயித்துல எந்தக் கொடியும் ஏறாது!"

அவள் சாப்பிட உட்கார்ந்தாள். அத்தை பரிமாற ஆரம்பித்து, முழங்கால் வலியையும் மறந்து எங்கோ காணாமல் போனாள். அம்மாவின் நாற்காலியும் காலி. அப்பா ஏற்கெனவே மாடியில். வாண்டுக்கு ஏதோ பொறி தட்டியது. கையைக்கூடக் கழுவாமல் படியேறினாள்.

அறைக்குள் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். படுக்கை விரிப்பை அப்பா தூக்கிப் பிடித்திருந்தார். ரிமோட் அம்மாவின் கையில். அத்தை சன்னலைச் சாத்திக்கொண்டிருந்தாள். ஏ.சி. ஜிலுஜிலுவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாண்டைப் பார்த்ததும் யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"இன்னைக்கு மட்டும்தாம்மா. உனக்காகத்தான்" என்றார் அப்பா.

"பொய் சொல்லாதீங்க. விரிப்பை இவ்வளவு பழக்கமாத் தூக்கறீங்க?" என்றாள் அம்மா.

"நீ மட்டும்? ரிமோட் பீரோ மேல துண்டுக்கு அடியில இருக்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"அது எப்பவும் அங்கதானே இருக்கு" என்று அத்தை வாயைக் கொடுத்தாள்.

குட்டு உடைந்துவிட்டது. காலையில் அம்மா, அவள் எழுந்து கீழே வந்த பிறகு மதியம் அப்பா, அவர் கடைக்குப் போன பிறகு நாலு மணிக்கு அத்தை. அன்றுவரை மூன்று பேருக்கும் மற்ற இருவரைப் பற்றித் தெரியாது. எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுவார்கள், அவ்வளவு ஒழுக்கமான குடும்பம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாண்டு வீட்டில் இருப்பாள் என்பதால் யாரும் துணியவில்லை. நிலாவுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அம்மாவின் இரவு வேலைதான் வளர்ந்து தேய்ந்துகொண்டிருந்தது.

வாண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழக்கூட வரவில்லை. வாசலில் கார் வந்து நின்றது.

"இப்ப நல்லாத்தான் குளுந்திருக்கு. போத்திட்டு அப்படியே விட்டுடலாம். யாருக்குத் தெரியப் போகுது?" என்று அப்பா விரிப்பை அவசரமாகச் சரிசெய்தார்.

பேராசிரியை முதலில் நுழைந்தார். கண்களை மூடி மூச்சை இழுத்து, "பாருங்க சார், நான் சொல்லல? இதுதான் அந்த மதிய மூச்சு!" என்றார். அவருக்குப் பின்னால் வெளித் தேர்வாளர். கனத்த சரீரம், வெயிலோடு சொந்தப் பகை உள்ளவர். படியேறி வந்த களைப்பில் கட்டிலில் உட்கார்ந்து, "அடடா, சொர்க்கம்" என்றார்.

அப்பா வாண்டைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அத்தை இருமினாள். வாண்டு வாயைத் திறக்காமல் இருந்தால் பட்டம் கைக்கு வந்துவிடும். ஆனால் நாளைக்கு யாரோ ஒரு குடும்பம் இந்தச் சுவரை நம்பி வீடு கட்டி, வெந்து சாவார்களே என்றும் பயமாக இருந்தது.

"சார், இது கொடி இல்ல. ஏ.சி." என்றாள்.

தேர்வாளர் எழுந்து போய் விரிப்பைத் தூக்கினார். குளிர்ந்த காற்று அவர் முகத்தில் அடித்தது. "எத்தனை நாளா?"

"அஞ்சாம் நாள்லேர்ந்து சார். எனக்கு இப்பத்தான் தெரியும். ரிப்போர்ட்ல இருக்கறது பூராத் தப்பு."

"நான் அதைக் கருத்தரங்குல பேசிட்டேனேம்மா!" என்றார் பேராசிரியை. பார்க்கப் பாவமாக இருந்தது. "நிலாவைப் பத்திக்கூடப் பேசினேனே!"

தேர்வாளர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஏ.சி.யை அணைக்கச் சொன்னார். சன்னலைத் திறக்கச் சொன்னார். "உக்காருவோம். கொடி என்ன பண்ணுதுன்னு பாத்துட்டுத்தான் போறது" என்று சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். வெயில் மேற்கே சாய்ந்தது. அறை சூடேறியது. அத்தை முந்தானையால் விசிறிக்கொண்டாள். அப்பா உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தார். ஒரு மணி நேரம் கழித்துத் தேர்வாளர் கருவியைக் கழற்றிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார். அது வாண்டின் அறை. அதே மேற்குச் சுவர், ஆனால் கொடியும் கிடையாது, ஏ.சி.யும் கிடையாது. கொஞ்ச நேரம் அங்கே நின்று பார்த்துவிட்டு, அடுப்பிலிருந்து இறங்கியவர் மாதிரி திரும்பி வந்தார்.

"மூணு டிகிரி. நீ எழுதின ஒன்பது இல்ல. ஆனா மூணு இருக்கு. அது நிஜம். ரிப்போர்ட்டைத் திருப்பி எழுது. பாஸ் போடறேன், பெரிய மார்க்கு எதிர்பார்க்காதே" என்றார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். "மூணு டிகிரி கொறைஞ்சும் ஏம்மா உங்களால தூங்க முடியல?"

அம்மா மகளைப் பார்த்துத் தயங்கினாள். "சூட்டுனால இல்ல சார். வார்டுலயும் சூடுதான். கொடி வந்ததிலேர்ந்து குருவிங்க வந்துடுச்சு. கூட்டமா உக்காந்து கத்துது. மேல ஓட்டை வேற இருக்கா, காதுக்குள்ளயே கத்தற மாதிரி இருக்கும். மொத நாலு நாளு கண்ணே மூட முடியல. ஏ.சி. போட்டா அந்த இரைச்சல்ல குருவி கேக்காது."

குருவி வந்ததை வாண்டு ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் பெருமையாகப் போட்டிருந்தாள். நாலு நாள் அம்மா தூக்கமில்லாமல் வார்டுக்குப் போய்வந்ததை மட்டும் அவள் எந்தக் கருவியிலும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. ஃபெயிலாகி இருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"உன் படிப்பாச்சேடி."

வந்தவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். அம்மா காலையிலிருந்து ஒரு பொட்டுக்கூடத் தூங்கவில்லை, எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும். "நீ ஏ.சி. போட்டுக்கோம்மா" என்றாள் வாண்டு. அம்மா வேண்டாம் என்று கையாட்டிவிட்டுப் படுத்தாள். குருவிகள் வர ஆரம்பித்தன.

வாண்டு பின்பக்கம் போய் ஏணியைச் சுவரில் சாத்தினாள். ஒரு துண்டை எடுத்துக்கொண்டு உச்சிப் படியில் ஏறி உட்கார்ந்தாள். மேற்கு வெயில் முதுகைப் பொரித்தது. ஒரு குருவி வந்து உட்காரும், அவள் துண்டைச் சத்தமில்லாமல் வீசுவாள், அது பறக்கும், வேறொன்று வந்து உட்காரும். இயற்கையை வீட்டுக்குள் அழைத்து வர வேண்டும் என்று மூன்று மாதமாக ஒற்றைக்காலில் நின்ற பெண், வந்த இயற்கையை ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டிருந்தாள்.

"உஷ்ஷ்... போயேன்... அங்க போய் உக்காரு" என்று ரகசியமாகக் கெஞ்சினாள்.

"மெதுவா! அம்மா முழிச்சுடுவா" என்று கீழேயிருந்து அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுத்தார்.

அம்மா ஏழு மணி வரை எழுந்திருக்கவில்லை. எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே வந்தவள், "ரெண்டு மணி நேரம் அசந்து தூங்கிட்டேண்டி. ஏ.சி.கூடப் போடல" என்றாள். முதுகு எரிய உட்கார்ந்திருந்த வாண்டுக்கு அழுகை வந்துவிட்டது.