பதினோராம் பக்கம்

“அந்தப் பொன்னாடை எங்கேம்மா?” என்று வீரராகவன் மூன்றாவது முறையாகக் கேட்டபோது, சுலோசனா ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் கணவர் எத்திராஜின் முகம் தெரிந்தது. கை எடுத்ததும் மறுபடி மங்கியது.

“பீரோவுல எங்கியாவது கீதோ இன்னாவோ. தேடணும்” என்றாள்.

பொய். அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

“அன்னாரின் இறுதிப் பயணத்தில் நமது சங்கத்தின் பொன்னாடை அவர் மேனியை அலங்கரிக்க வேண்டும்” என்றார் வீரராகவன். குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர். மைக் இல்லாத இடத்திலும் மைக்கில் பேசுகிறவர். கடையில் பால் பாக்கெட்டைக்கூட ‘வழங்குமாறு’தான் கேட்பார் என்று எத்திராஜ் சொல்லிச் சிரிப்பதுண்டு.

மைக்கைக் கண்டால் எத்திராஜும் சளைத்தவரில்லை. சென்னீர்குப்பத்தில் அந்தத் தெருவில் முதன்முதலாகக் கூரைமேல் சோலார் போட்டவர் அவர். போடுவதற்கு முன் மூன்று வருஷம் யோசித்தார். அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தாறு வருஷம் டூல் ரூமில் இருந்தவர். மயிரிழை பிசகியிருந்தாலும் சாமானைத் திருப்பி அனுப்பிய கை. ஒரு நோட்டுப் போட்டு எழுதினார். பக்கத்து வீட்டுத் தென்னையின் நிழல் எத்தனை மணிக்கு விழும், தையில் எவ்வளவு, ஆனியில் எவ்வளவு. காக்கை எச்சத்தைக் கழுவ எத்தனை பக்கெட் தண்ணீர். துணி காயப்போடும் கொடி எங்கே போகும். புயல் அடித்தால் பலகை பிய்ந்து யார் வீட்டில் விழும், அவர்கள் சண்டைக்கு வருவார்களா. எல்லாம் எழுதி, போட்ட பணம் ஐந்தே கால் வருஷத்தில் திரும்பும் என்று முடிவுக்கு வந்தார். அப்போது தனக்கு எழுபத்து மூன்று நடக்கும் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி ஒரு கேள்விக்குறி போட்டார். மறுநாள் ரப்பர் வைத்து அந்தக் கேள்விக்குறியை மட்டும் அழித்துவிட்டார்.

ஒரே ஒரு கேள்வியைத்தான் அவர் யாரிடமும் கேட்கவில்லை. கரண்ட் போனால் இது ஓடுமா? கேட்கவேண்டிய கேள்வியாகவே அது அவருக்குப் படவில்லை. மேலே சூரியன், கீழே விளக்கு. நடுவில் என்ன கேள்வி?

குடியரசு தினத்தன்று சங்கத்தில் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ‘பசுமைச் செம்மல்’ என்று பட்டமும் கொடுத்தார்கள். எத்திராஜ் மைக்கைப் பிடித்து, “இனிமே இந்தத் தெருவுல கரண்ட் போனாலும் என் ஊட்ல போவாது” என்றார். கைத்தட்டல் தெருமுனை வரை கேட்டது. அடுத்த வாரமே பட்டப்பகலில் கரண்ட் போனது. சோலாரும் கூடவே போனது.

மாடியேறிப் பார்த்தார். பலகைகள் வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. கம்பெனிக்குப் போன் செய்தார். “சார், லைன்ல ஏறி வேலை பாக்குற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதில்ல? அதனால கரண்ட் போனா இதுவும் தானா நின்னுடும். அக்ரிமென்ட்ல பதினோராம் பக்கத்துல போட்டிருக்கு சார்” என்றது ஒரு குரல். தனியாகப் பேட்டரி வைத்தால் ஓடுமாம். அதற்கு ஏறக்குறைய இன்னொரு மடங்கு. நோட்டை எடுத்தார். கணக்கு எழுபத்தொன்பது வயதில் போய் நின்றது. நோட்டை மூடிவிட்டார்.

ஹாலில் இரண்டு ஃபேனையும் ஒரு டியூப் லைட்டையும் தாங்குகிற பழைய இன்வெர்ட்டர் ஒன்று மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அன்றிலிருந்து கரண்ட் போகும்போதெல்லாம், உச்சி வெயிலானாலும், எத்திராஜ் முதல் வேலையாக அந்த டியூப் லைட்டைப் போட்டு வாசல் கதவைத் திறந்து வைத்தார். படிக்கு அடியில் என்ன என்று கேட்டவர்களிடம், “சோலாரோட கன்ட்ரோலு. தொட்றாதீங்க” என்றார். யாரும் தொடவில்லை. மேலே துணியைத் திருப்பிப் போட்டு மூடியிருந்ததால் அது ஏதோ சாமி சமாசாரம் போலவும் இருந்தது. மாதம் ஒரு முறை அந்தத் துணியை விலக்கிப் பேட்டரித் தண்ணீர் ஊற்றியது சுலோசனா.

அந்தத் துணிதான் பொன்னாடை.

*

பெங்களூரிலிருந்து மகன் ஸ்ரீநாத் காரில் வந்துகொண்டிருந்தான். காலை ஆறரைக்குக் கிளம்பியவன், பதினோரு மணிக்குப் போன் செய்தபோது ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் லாரிகளுக்கு நடுவே நின்றிருந்தான். கொள்ளி வைக்க அவன்தான் வரவேண்டும். அக்கினி நட்சத்திர வெயில் பந்தலின் துணியைத் துளைத்து உள்ளே வந்தது.

வீரராகவன் வருகிறவர்களுக்கெல்லாம் மரணத்தை விளக்கிக்கொண்டிருந்தார். “விடியற்காலையில் பலகைகளைக் கழுவப் புறப்பட்டார். வாசலிலேயே, கடமையிலேயே சாய்ந்துவிட்டார்.”

சுலோசனா திருத்தவில்லை. பலகை கழுவ எத்திராஜ் லுங்கியோடு போவார். இன்று காலை ஐந்தரை மணிக்கு அவர் தேய்த்த முழுக்கைச் சட்டை போட்டிருந்தார். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தார். காப்பியோடு அவள் வந்தபோது இன்னொரு கால் வெறுங்காலாக இருந்தது.

எங்கே கிளம்பினார் என்பதும் அவளுக்குத் தெரியும். எதிர்வீட்டுக்கு.

எதிர்வீட்டுப் பாஸ்கரன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கஸ்தூரிக்கு நுரையீரல் கெட்டு, கார்த்திகையிலிருந்து ஆக்சிஜன் மெஷின்தான் மூச்சு. கரண்ட் போனால் மெஷின் நிற்கும்; பாஸ்கரன் ஓடிப்போய் வாடகைச் சிலிண்டரைத் திறந்துவிடுவார். நேற்றுச் சாயங்காலம் கேட்டருகே நின்று அவர் எத்திராஜிடம் சொன்னார்: “திங்கக்கெழம சோலார் மாட்டறாங்கண்ணாத்தே. செவ்வாக்கெழம சிலிண்டர திருப்பிக் குடுத்துடப் போறேன். உன்னப் பாத்துதான் தெகிரியமா எறங்கிட்டேன்.”

எத்திராஜ் சிரித்தார். உள்ளே வந்து இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார், தின்னவில்லை.

“சுலோ, காலையில போயி பாஸ்கரன்கிட்ட பேசணும்.”

“இன்னாத்த?”

“பேசணும்.”

எழுந்து கை கழுவப் போனார்.

*

பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது. ஃபேன் ஒரு கணம் தயங்கிவிட்டு மறுபடி சுற்றியது. டியூப் லைட் கண்ணைச் சிமிட்டிவிட்டு எரிந்தது. உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு முணுமுணுப்பு ஓடியது.

“கண்டீர்களா!” என்றார் வீரராகவன். “தெருவே இருளில். எத்திராஜ் இல்லம் மட்டும் ஒளியில்.”

வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது. இருள் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. சோலார் கம்பெனி ஏஜென்ட் தமிழரசு மட்டும் செல்போனை எடுத்து எதையோ அவசரமாகத் தேடத் தொடங்கினான். காலையில் மலர் வளையத்தோடு வந்தவன். இறந்தவர் பெயரைவிடக் கம்பெனி பெயர் அதில் இரண்டு பங்கு பெரியதாக இருந்தது.

பாஸ்கரன் அதற்குள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடியிருந்தார். ஐந்து நிமிஷத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

“தொறந்து உட்டுட்டேன். அதுக்குள்ள ஒதடு நீலமாயிப் போச்சு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். பிறகு சுற்றுகிற ஃபேனை நிமிர்ந்து பார்த்தார். “திங்கக்கெழமயோட இந்த ஓட்டம் முடிஞ்சுது.”

அந்த நேரத்தில்தான் யாரோ பெட்டியின் விளக்கு அணைந்திருப்பதைக் கவனித்தார்கள். பெட்டியின் வயர், ஃபேனோடு சேராத ஃபிரிட்ஜ் பிளக்கில் செருகியிருந்தது.

“சோலார் இணைப்பில் மாற்றுங்கள்!” என்று ஆணையிட்டார் வீரராகவன். பாஸ்கரன் எக்ஸ்டென்ஷன் வயரை எடுத்தார்.

சுலோசனா எழுந்தாள். காலையிலிருந்து முதல் தடவையாகப் பெட்டியின் பக்கத்தை விட்டு நகர்ந்தாள்.

“பாஸ்கரு, அத்த எடுத்துக்கினு என்கூட வா.”

மாடிப்படிக்கு அடியில் போய் நின்று, பொன்னாடையின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினாள். உள்ளே கறுப்பாகப் பேட்டரி இருந்தது. பக்கத்தில் இன்வெர்ட்டர் முனகிக்கொண்டிருந்தது.

பாஸ்கரன் குனிந்து பார்த்தார். “இன்னாக்கா இது? கன்ட்ரோலுன்னு சொன்னாரே அண்ணாத்தே.”

“இதான் ஃபேன ஓட்டுது. மேல கீறது இல்ல.”

“அப்ப சோலாரு?”

“பில்லு கொறஞ்சிது. அது நெசம். கரண்ட் போனா அதுவும் கூடவே படுத்துக்கும். தனியா பேட்டரி வெச்சாதான் ஓடும்.”

பாஸ்கரன் வயரைக் கையில் சுற்றினார். அவிழ்த்தார். மறுபடி சுற்றினார்.

“செவ்வாக்கெழம நான் சிலிண்டர குடுத்திருப்பேன்.”

“ஆமா.”

“கஸ்தூரி…” என்று இழுத்தார். “தெனம் ஒண்ணா குந்திகினுதானே டீ குடிச்சோம்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அந்த மன்சன்?”

ஹாலில் யாரோ புதிதாக வந்து அழத் தொடங்கினார்கள்.

“காலையில தேய்ச்ச சட்ட போட்டுக்கினாரு. உன் ஊட்டுக்குத்தான் கெளம்புனாரு” என்றாள்.

“அத்த நீ சொல்ற.”

“ஆமா. நான்தான் சொல்றேன்.”

பாஸ்கரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பேட்டரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “பொட்டி இதுல இழுக்குமா?” என்றார்.

“ஃபேனு லைட்டெல்லாம் அணைச்சா கொஞ்ச நேரம் இழுக்கும். தண்ணி போன வாரந்தான் ஊத்துனேன்.”

ஹாலுக்குப் போய் அவர் ஒவ்வொரு ஸ்விட்சாக அணைத்தார். ஃபேன் நின்றதும் புழுக்கம் கூட்டத்தின் மேல் போர்வை போல இறங்கியது.

“மின்விசிறியை ஏன் நிறுத்துகிறீர்கள்?” என்றார் வீரராகவன். எல்லோரும் பாஸ்கரனைத் திரும்பிப் பார்த்தார்கள். சுலோசனா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பாஸ்கரன் வயரைச் செருகினார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

“லோடு தாங்காது தலைவரே. இன்னிக்கு அவருக்கு மட்டுந்தான்.”

“ஆஹா! சூரியனே தன் அன்பரைக் குளிர்விக்கிறான்!” என்றார் வீரராகவன், நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே. தமிழரசு கூரையைப் பார்த்தான்.

அவனைப் பாஸ்கரன் பந்தலின் ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுலோசனா உட்கார்ந்த இடத்துக்கு அவர்கள் குரல் மட்டும் கேட்டது.

“திங்கக்கெழம வா. பேட்டரியோட சேத்து எவ்ளோ ஆவும்னு எழுதிக்கினு வா. கட்டுப்படி ஆவுதா இல்லையான்னு அப்பால பாக்கலாம். ஆனா பதினோராம் பக்கத்த நீயே வாய்விட்டுப் படிச்சுக் காட்டணும் நைனா.”

“சார், அது வந்து, ஃபார்மாலிட்டிதான்…”

“எனக்கு மட்டுமில்ல. இந்தத் தெருவுல யாரு கையெழுத்துப் போட்டாலும் படிக்கற. நான் பக்கத்துல நின்னு கேப்பேன்.”

அரைமணி கழித்து, மாடிப்படிக்கு அடியிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஓர் ஓசை கிளம்பியது. பேட்டரி இறங்குகிறது.

“என்ன ஓசை அது?” என்றார் வீரராகவன்.

“கன்ட்ரோலு” என்றார் பாஸ்கரன். “தொடக் கூடாது.”

ஓசை பெருகிக்கொண்டே போய், நின்றுவிடும் போலிருந்த நேரத்தில் கரண்ட் வந்தது. பாஸ்கரன் மறுபடி எதிர்வீட்டுக்கு ஓடினார், சிலிண்டரை மூட.

*

ஸ்ரீநாத் ஒரு மணிக்கு வந்தான். பெட்டியின் மேல் கவிழ்ந்து அழுதான். “நான்தாம்மா அவர நச்சரிச்சேன், சோலார் போடு, சோலார் போடுன்னு. நல்லா ஓடுதுப்பான்னு போனவாரம்கூட சொன்னாரு” என்றான். சுலோசனா அவன் தலையைத் தடவினாள்.

குளிப்பாட்டி, சந்தனம் பூசி, வாய்க்கரிசி போட்டார்கள். வண்டி வந்து நின்றது. வீரராகவன் தொண்டையைச் செருமினார்.

“பொன்னாடை?”

சுலோசனா பாஸ்கரனைப் பார்த்தாள். அவர் உள்ளே போனார். நேரமாயிற்று. திரும்பி வந்தபோது பொன்னாடை அவர் கையில் நான்காக மடித்து இருந்தது. தூசி தட்டியிருந்தார். அதன் நடுவில் என்ன இருக்கிறது என்று சுலோசனாவுக்குத் தெரியும்: பேட்டரியின் ஆறு மூடிகளிலிருந்தும் ஆசிட் தெறித்துத் தெறித்து, அரித்துத் தின்ற ஆறு ஓட்டைகள், வரிசையாக.

பாஸ்கரன் அதை மடிப்புக் கலையாமல் எத்திராஜின் நெஞ்சின்மேல் வைத்தார்.

“விரித்துப் போடுங்கள்” என்றார் வீரராகவன். “சங்கத்தின் பெயர் தெரிய வேண்டாமா?”

“இப்படியே இருக்கட்டும் தலைவரே.”

“அதெப்படி? முழுவதுமாகப் போர்த்துவதுதான் மரபு.” வீரராகவனின் கை மடிப்பின் ஓரத்துக்கு வந்தது.

“இருக்கட்டும்னு சொல்றேன் இல்ல” என்றார் பாஸ்கரன். குரல் உயரவில்லை. வீரராகவன் கையை எடுத்துக்கொண்டு கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போனார்.

பெண்கள் கேட்டோடு நின்றுவிட்டார்கள். வண்டி நகர்ந்ததும் நெடுஞ்சாலைப் பக்கமிருந்து அனல் காற்று ஒன்று தெருவுக்குள் புகுந்தது. பூக்கள் பறந்தன. சரிகையின் ஓரம் எழும்பியது. வண்டியில் ஸ்ரீநாத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த பாஸ்கரன் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்தார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை சுலோசனா பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையை எடுக்கவில்லை.