பள்ளிக்கு முன்னால் நின்ற பனை

சாய்ந்தமருதில் சீனிமுகம்மதைப் போல் ஒரு வீம்புக்காரனை நாங்கள் கண்டதில்லை. கடலை விட்டதும் வீம்பில், திரும்பிப் போனதும் வீம்பில். தோணி கவிழ்ந்து ஓர் இரவு முழுக்க அலையில் கிடந்து கரையேறியவன், "இனிக் கடல் முகத்தில முழிக்கமாட்டன்" என்று சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்யப் போய்விட்டான். போகிற வேகத்தில், கடற்கரையில் நின்ற தன் ஒற்றைப் பனையை மனைவி றுகையாவின் தம்பி ஜெமீலுக்குக் கொடுத்தான்.

"வீடு கட்டக்குள்ள வெட்டி எடு மச்சான். எனக்கு இனி அது என்னத்துக்கு?"

கடலில் நின்று பார்த்தால் எங்கள் கரை முழுக்கத் தென்னைதான். அதற்கு மேலே ஊருக்கு ஊர் ஒரு பள்ளிவாசல் கோபுரம், மினாறா, எல்லாம் ஒரே வெள்ளை. எது கல்முனை, எது மருதமுனை என்று ஆடுகிற சிறுதோணியிலிருந்து சொல்ல முடியாது. மினாறாவுக்கு நேர் முன்னால் பனை நின்றால் அது சாய்ந்தமருது. தனியாகத் தூரம் போகிறவனுக்கு அந்த மரம்தான் அடையாளம். நாங்கள் எல்லோரும் கரையில் நின்றே இழுக்கிற கரைவலைக்கு மாறியபின் அதை யாரும் நினைத்தும் பார்க்கவில்லை.

மார்கழி வெள்ளம் அவனுடைய வயலை மணலால் மூடியது. ஊருக்கு வந்தவன், தாழைக்குப் பின்னால் கவிழ்ந்து கிடந்த சிறுதோணியைப் புரட்டி வெடிப்புகளை அடைக்கத் தொடங்கினான். ஒரே ஆள் இருந்து துடுப்பு வலிக்கிற தோணி. றுகையா அழுதாள், ஏசினாள், இரண்டு வேளை அடுப்பும் மூட்டவில்லை.

"பழகின கடல் புள்ள, என்னைத் தின்னாது."

"ஒருக்காத் தின்னப் பாத்ததுதானே!"

ஒரு நாள் விடியற்காலையில், தூண்டில் நூல் வாங்கக் கல்முனைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டான். றுகையா உடனே தம்பியைக் கூப்பிட்டாள்.

"அவர் வாறத்துக்குள்ள அந்தப் பனைய விழுத்திப்போடு. மரமில்லாட்டி மனிசன் கடலுக்குப் போகமாட்டார்."

"மச்சான் ஏசுவார் ராத்தா."

"உனக்குத் தந்த மரம்தானே. நான் சொல்றன், வெட்டு."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பனை விழுந்தது. பார்த்து நின்ற றுகையாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. அப்போதுதான் தாழைப் பக்கமிருந்து, எங்கள் கூட்டத்தில் இளையவனான அச்சிமுகம்மது வந்தான்.

"சீனிமுகம்மது காக்காட தோணியக் காணல்லயே. கடலுக்கா போயிரிக்கார்?"

எல்லோரும் ஓடிப் போய்ப் பார்த்தோம். தோணி கிடந்த இடத்தில் ஒரு பள்ளம். அதிலிருந்து தண்ணீர் வரைக்கும் மணலில் இழுத்த தடம் கிடந்தது. கல்முனை என்று சொன்னது பொய். றுகையா அந்தத் தடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. வாடைக்காற்று எழும்பியது, நீர் தெற்கே இழுத்தது. பொழுது சாய்ந்து, மஃரிபுத் தொழுகைக்குச் சற்று முன்னால் தோணி தெரிந்தது. எங்களுக்கு உயிர் வந்தது. நேராக வந்துகொண்டிருந்தவன், அலை உடைகிற இடத்துக்கு அப்பால் வலிப்பதை நிறுத்தினான். தலையை உயர்த்திக் கரையைப் பார்த்தான். மினாறாவைப் பார்த்தான். திரும்பவும் கரையைப் பார்த்தான்.

ஜெமீல் விழுந்து கிடந்த மரத்தைத் திரும்பிப் பார்த்தான். "பனையத் தேடுறார். நீரோட்டம் தெற்கால இழுத்து வேற ஊருக்குக் கொண்டந்திட்டெண்டு நினைக்கார்."

கூவினோம். எதிர்க்காற்று அந்தச் சத்தத்தை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது. நாலு பேர் கரைவலைத் தோணியைத் தள்ள ஓடினார்கள். அலை அதைத் தூக்கி மணலிலேயே போட்டது. றுகையா விழுந்த பனையைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"தூக்குங்கடா! இதத் தூக்கி நிப்பாட்டுங்கடா!"

அவள் கை கிழிந்து இரத்தம் வந்தது. மரம் அசையவில்லை. நாங்கள் தலைத்துண்டுகளைக் கழற்றி, கடலுக்குள் இடுப்பளவு இறங்கி வீசினோம். இந்த முறை ஆட்கள் நிற்பதை அவன் கண்டான்; அந்த மங்கலில் எங்கள் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

முன்பின் தெரியாத ஊர்க்காரருக்குச் சொல்வது போல, மரியாதையாக ஒரு கையை உயர்த்தி ஸலாம் காட்டினான். பிறகு தோணியைத் திருப்பி, தன் ஊரைத் தேடி வடக்கே அந்தக் கறுப்புக்குள் வலித்துக்கொண்டு போனான்.