டம்ளரில் வெட்டிய அதிரசம்

"இங்க ஒரு குறையும் இல்ல" என்று சொல்வதில் ஜெயகாந்தனுக்கு அப்படி ஒரு சுகம். கூரை ஒழுகினாலும் அதைத்தான் சொல்வான். ஆட்டோ டயர் வெடித்து ராகலைச் சந்தியில் மழையோடு மழையாக நின்றாலும் அதைத்தான் சொல்வான். மனைவி கிருஷாந்தி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அவள் தினமும் போனில் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்க, இவன் தினமும் அதே பதிலைச் சொல்ல, கடைசியில் அந்தப் பதிலே அவன் கழுத்தைப் பிடிக்கிற நிலைமை வந்துவிட்டது.

விஷயம் இதுதான். கிருஷாந்தியின் இரண்டு வருட ஒப்பந்தம் இந்தத் தீபாவளியோடு முடிகிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒற்றையறைக் காம்பராவுக்குப் பின்னால் ஓர் அறை இழுத்துக் கட்டவேண்டும் என்றுதான் அவள் போனாள். அறையைக் கட்டித் தகரம் போட்டுச் சுண்ணாம்பும் அடித்தாகிவிட்டது. ஆனால் அவளுடைய மேடத்துக்கு அவளை விட மனமில்லை. இன்னும் இரண்டு வருடம் இரு என்கிறாள், தீபாவளிக்கு மறுநாள் பதில் வேண்டும் என்கிறாள். "நான் என்னங்க சொல்லட்டும்?" என்று கிருஷாந்தி கேட்டாள். வந்துவிடு என்று சொல்லத்தான் அவனுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயில் வந்ததோ, "உன் இஷ்டம் புள்ள. இங்க ஒரு குறையும் இல்ல."

வா என்று சொன்னால் பெண்டாட்டி இல்லாமல் ஒரு வீட்டை நடத்தத் துப்பில்லாதவன் என்று ஆகிவிடுமாம். இப்படியொரு கௌரவம் அவனுக்கு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ தெரியவில்லை. அந்த லயத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. அந்தக் கௌரவம்தான் இந்த வருடம் நேராக அதிரசத்தில் போய் இறங்கியது.

அவர்கள் வீட்டில் தீபாவளி என்றால் அதிரசம்தான். கல்யாணமான வருடத்திலிருந்து அப்படி. மகள் ஷாமிலா பிறந்து வளர்ந்த பிறகு மூன்று பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். மாவு சலிப்பது ஷாமிலா. பாகு வைப்பதும் தட்டிப் போடுவதும் கிருஷாந்தி. வெந்து வந்ததை இரண்டு கரண்டிக்கு நடுவில் வைத்து எண்ணெய் பிழிவது ஜெயகாந்தன். பிழிகிற சாக்கில் நாலைந்தை வாயில் போட்டுக்கொள்வதும் அவன் பொறுப்புதான். அதிரசத்தில் அவனுக்கு இருந்த அனுபவம் மொத்தமும் இவ்வளவே.

போன வருடம் கடையில் லட்டு வாங்கிவைத்து அதைப் போனில் காட்டினான். கிருஷாந்தி "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சீக்கிரமே வைத்துவிட்டாள். அது அவனுக்கு உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது. அதனால்தான், "இந்த வருஷம் அதிரசம் நானே சுடுறேன்" என்று அறிவித்துவிட்டான்.

"நீங்களா?" என்றாள் ஷாமிலா. அவளுக்கு வயது பதின்மூன்று, நாக்குக்கு மட்டும் முப்பது.

"ஏன், அதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

"ஒண்ணும் இல்லப்பா. பிழியுறதுல நீங்க கெட்டிக்காரர்தான். அதுக்கு முந்தி கொஞ்சம் வேலை இருக்கு, அதான் சொன்னேன்."

கித்துள் கருப்பட்டி வாங்கப்போன இடத்திலும் அவனை விடவில்லை. ராகலையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் மஃறூப் நானா கருப்பட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே, "யாரு தம்பி சுடப்போற?" என்று கேட்டார்.

"நான்தான் நானா."

நானா அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப எனக்கும் ஒரு தட்டு அனுப்புங்க. பல் டொக்டருக்கிட்டப் போக வேண்டி வந்தா ஒங்கட ஆட்டோலயே போறன்."

"பாருங்க நானா, தின்னுட்டு இன்னொரு தட்டு கேப்பீங்க" என்று மார்தட்டிவிட்டு வந்தான்.

பாகு வைக்கும் நாளில் ஷாமிலாவுக்கு டியூஷன். "நான் வர்ற வரைக்கும் அடுப்பத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் வளைவில் மறைந்ததுமே அவன் அடுப்பைப் பற்றவைத்தான். பதம் பார்க்கும் விதத்தைக் கிருஷாந்தி போனில் ஏற்கனவே சொல்லியிருந்தாள். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு விரலால் உருட்ட வேண்டும். மெத்தென்று உருண்டு வந்தால் அந்த நிமிடமே இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் பாகு முறுகிவிடும், மாவைக் கொட்டினால் கல்தான். ஜெயகாந்தன் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்துவைத்துக்கொண்டு, கண் கொட்டாமல் பாகையே பார்த்துக்கொண்டிருந்தான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பாகு நுரைகட்டி வரும்போது போன் அடித்தது. கிருஷாந்தி. வீட்டுக்குள் சிக்னல் மணி அடிக்கிற அளவுக்குத்தான் கிடைக்கும், லயத்தார் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் போய் நின்றால்தான் பேச்சுக் கேட்கும். ஒரு நிமிடம்தானே என்று ஓடினான்.

"என்னங்க செய்றீங்க?"

"பாகு வச்சிருக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான். ஒரு குறையும் இல்ல."

பீலியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்ப மேடத்துக்கிட்ட இருக்கேன்னே சொல்லிரட்டுமா?"

வேண்டாம் என்ற வார்த்தை தொண்டைவரை வந்து அங்கேயே குந்திக்கொண்டது. "அது வந்து... நீ யோசிச்சு... இப்ப நான் என்னத்தச் சொல்ல..."

"சொல்லுங்களேன்."

"உன் இஷ்டம்தானே புள்ள."

"என் இஷ்டம் என்னான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துகொண்டுதான் நின்ற இடத்திலேயே கல்லைக் காலால் உருட்டிக்கொண்டு, ம்ம் என்றும் ஆ என்றும் இழுத்துக்கொண்டிருந்தான். இழுத்த இழுப்பில் ஒரு பானைச் சோறே வெந்திருக்கும். பக்கத்துக் காம்பராவிலிருந்து சண்முகவடிவு அக்கா தலையை நீட்டி, "தம்பி, உங்க வீட்டுல என்னமோ தீயிற வாசம் வருது" என்றாள். போனை வைத்துவிட்டு விழுந்தடித்து ஓடினான்.

தண்ணீரில் விட்ட சொட்டு உருளவில்லை. கிண்ணத்தின் அடியில் போய் டங் என்றது.

புத்தியுள்ளவனாக இருந்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு பாகு வைத்திருப்பான். நம்முடைய ஆள், கெட்டியாக இருந்தால் தட்டுவதற்கு வசதி என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அத்தனை மாவையும் அதில் கொட்டிக் கிளறிவிட்டான்.

தீபாவளிக்கு முதல்நாள் அந்த மாவு கைக்கு அடங்கவில்லை. தட்டினால் வெடித்தது, உருட்டினால் உதிர்ந்தது. ஜெயகாந்தன் அதைப் போத்தலால் அழுத்தி உருட்டி, எவர்சில்வர் டம்ளரின் வாயால் வெட்டியெடுத்தான். அச்சடித்த மாதிரி வட்டம் வட்டமாக வந்தது. கையால் தட்டிய அதிரசம் உலகத்தில் எங்கேயும் இப்படி ஒரே அளவாக இருக்காது. எண்ணெயில் போட்டதும் நல்ல நிறம் கொடுத்தது. பார்க்க ராஜகளைதான்.

ஷாமிலா ஒன்றை எடுத்துத் தட்டின் ஓரத்தில் தட்டிப் பார்த்தாள். "அப்பா, இது அதிரசம் இல்ல. ஆட்டோ பார்ட்ஸ்."

"ஆறினா சரியாயிரும்."

ஆறியது. இன்னும் இறுகியது.

தீபாவளி காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டு, கோயிலுக்குப் போய்வந்த கையோடு தட்டுகள் கிளம்பத் தொடங்கின. லயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் பலகாரத் தட்டுப் போகும், மேலே ஒரு துணி மூடி. வாங்கிய வீடு தட்டை வெறுமனே திருப்பித் தராது, தன் வீட்டுப் பலகாரத்தை வைத்துத்தான் தரும். ஜெயகாந்தன் ஒன்றுவிடாமல் எல்லா அதிரசத்தையும் தட்டுகளில் அடுக்கினான்.

"எல்லாத்தையும் குடுத்துத் தீத்துரு" என்றான்.

"ஊரு பாவம்ப்பா" என்றாள் ஷாமிலா. ஆனால் சலிக்காமல் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மஃறூப் நானா வீட்டுத் தட்டை அவனே ஆட்டோவில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நானா துணியை விலக்கும்முன் ஓடிவந்துவிட்டான். மத்தியானத்துக்குள் வீட்டில் ஒன்றுகூட இல்லை. இனி கிருஷாந்தி கேட்டால், ஒண்ணும் மிஞ்சல, எல்லாம் தீந்துபோச்சு என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. மனது நிறைந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டான்.

அவன் ஒன்றை மறந்துவிட்டான். மத்தியானத்துக்கு மேல் எந்த வீட்டிலும் சொந்தப் பலகாரம் மிஞ்சியிருக்காது. ஆனாலும் தட்டுகள் வந்துகொண்டே இருக்கும், திருப்பி அனுப்பியும் ஆகவேண்டும். அப்போது வந்த பலகாரத்திலிருந்து எடுத்துத்தான் வைப்பார்கள். எதை எடுப்பார்கள்? தன் வீட்டில் யார் வாய்க்கும் ஆகாததைத்தானே.

முதலில் கீழ் லயத்து மூக்கன் வீட்டுத் தட்டு வந்தது. ஷாமிலா துணியை விலக்கினாள். நாலு முறுக்கு, ஒரு வாழைப்பழம், அடியில் வட்டமாக இரண்டு.

"அப்பா, எழும்புங்க. நம்ம ஆளுங்க வந்துருக்காங்க."

அடுத்த தட்டில் மூன்று வந்தன. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். எந்த வீட்டிலும் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. எது யார் வீட்டிலிருந்து வந்தது என்று அந்த நேரத்தில் யாருக்கு நினைவிருக்கும்? சண்முகவடிவின் தங்கை வலப்பனையிலிருந்து பஸ்ஸில் வந்திறங்கி, "எங்க ஊருப் பலகாரம்" என்று ஒரு பையை நீட்டினாள். அதிலும் டம்ளர் வட்டத்தில் இரண்டு கிடந்தன. காலையில் யாரோ வலப்பனைக்குக் கொண்டுபோய், பொழுது சாய்வதற்குள் அவை ஊர் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கின்றன. ஜெயகாந்தனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மஃறூப் நானா மட்டும் நேர்மையாக வந்தார். ஒரு கையில் தேங்காய்ப்பால் வட்டிலப்பம், மறு கையில் அதிரசத் தட்டு. "வட்டிலப்பம் எங்கட வீட்டுது. இது ஒங்கட வீட்டுது. புள்ளகளுக்குக் கடிக்க ஏலாதாம், வீணாக்கப்படாது பாருங்க."

சண்முகவடிவு அக்காவுக்குப் போனது மட்டும் திரும்பவில்லை. "எனக்கென்ன பல்லா இருக்கு தம்பி? டீத்தண்ணியில ஊறப்போட்டுத் தின்னுட்டேன். இனிப்பு சரியாத்தான் இருக்கு" என்றாள். அன்று முழுக்க அவனுக்குக் கிடைத்த பாராட்டு அது ஒன்றுதான்.

பொழுது இறங்கும் நேரத்தில் கிருஷாந்தி வீடியோவில் வந்தாள். அங்கே அது மேடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்குகிற நேரம். ஜெயகாந்தன் பீலியடிக்குப் போனான், ஷாமிலாவும் பெரிய தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள்.

"அதிரசம் எப்படிங்க வந்துச்சு?" என்றாள் கிருஷாந்தி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தச் சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை. நன்றாக வந்தது என்று அவன் சொல்லப்போவதற்கு அவள் தன்னைத் தயார்படுத்திக்கொண்டிருப்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் ஒரு குறையும் இல்லை, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிச் சொல்லி, நீ இல்லாமலும் இந்த வீடு நடக்கும் என்றுதானே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

போனைத் திருப்பித் தட்டைக் காட்டினான்.

"இவ்வளவு மிஞ்சிருச்சா?"

"மிஞ்சல. ஊருக்கெல்லாம் குடுத்தேன். பொழுது சாயுறதுக்குள்ள எல்லாம் திரும்பி வந்துருச்சு."

"வலப்பனைக்குப் போனதுகூட வந்துருச்சும்மா" என்றாள் ஷாமிலா.

கிருஷாந்திக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேடம் எழுந்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாகுதான் முறுகியிருக்கும். அந்நேரம் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"உன்கூடத்தான் பேசிக்கிட்டு இருந்தேன்."

"என்ன பேசினீங்க?"

"உன் இஷ்டம்னு பேசினேன்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "இப்ப அடுப்புல ஒண்ணும் இல்லைல?"

"இல்ல."

"அப்ப அவசரம் இல்லாம நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நாளைக்கு மேடத்துக்கு நான் என்ன சொல்லட்டும்?"

ஷாமிலா தட்டை இறக்கி வைத்துவிட்டு அப்பாவின் முகத்தையே பார்த்தாள். ஜெயகாந்தன் யோசிக்கவில்லை.

"வந்துரு கிருஷாந்தி. நீ இல்லாம முடியல. ரெண்டு வருஷமா முடியல."

கிருஷாந்தி மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதச் சொல்றதுக்கு ரெண்டு கிலோ பச்சரிசிய நாசம் பண்ணணுமா?" என்றாள். "நாளைக்குக் காலையில மொத வேலையா மேடத்துக்கிட்டச் சொல்லிர்றேன், நான் வீட்டுக்குப் போறேன்னு. வந்து சேர்ற வரைக்கும் நீங்க அந்த அடுப்புப் பக்கம் போகாதீங்க."