எழுத்துக்குப் பின்னால் இருந்த முகம்

ஏணி செய்யும் அந்தக் கம்பெனிக்குப் பதினோரு வருடமாக அவள்தான் டிசைனர். வரவேற்பறைச் சுவரில் கம்பெனியின் கொள்கைகளைப் படங்களாக வைக்கப்போகிறோம் என்று முதலாளி சொன்னபோது அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அவர் அடுத்துச் சொன்னதில் எல்லாம் வடிந்துபோனது.

"போட்டோவுக்கு உங்க ஓரகத்தியையே கூப்பிட்டிருக்கேன். அவங்க எடுத்த கல்யாண ஆல்பம் ஒண்ணு பாத்தேன், அசந்துட்டேன்."

கொழுந்தன் மனைவி வீட்டுக்கு வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. அதற்குள் மாமியார் எதற்கெடுத்தாலும், "சின்னவளுக்கு என்ன கண்ணு!" என்பார். பெரியவளுக்கும் கண் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதில்லை. இனி ஆபீசிலும் அதே பாட்டா?

'நேர்மை'க்கு இரண்டு பேர் கைகுலுக்கும் படத்தை அவள் மனதில் வைத்திருந்தாள். ஓரகத்தியோ இரண்டு நாள் பட்டறை முழுக்கச் சுற்றிவிட்டு ஒரு படத்தைக் காட்டினாள். தரம் பார்க்கும் அம்மாள், தேறாத ஏணியை ரம்பத்தால் இரண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். யாரும் அதைத் தூக்கிப்போய் விற்றுவிடக் கூடாதே! முகத்தில் குழந்தைக்கு நகம் வெட்டுகிற கவனம்.

"இதுதானேக்கா நேர்மை?"

டிசைனருக்குச் சுரீர் என்றது. பதினோரு வருடமாக அந்த ரம்பத்தைத் தாண்டித்தான் போகிறாள், காதைப் பொத்திக்கொண்டு. ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

'நேர்மை' என்ற சொல்லைப் பெரிதாக, சரியாக அந்த முகத்தின் மேல் வைத்தாள்.

"எழுத்து தூரத்துல இருந்தே தெரியணும்," என்றாள்.

"நீங்க சொன்னா சரிதான்க்கா," என்றாள் சின்னவள். அந்தப் பணிவு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

படங்கள் சுவரேறிய அன்று தரம் பார்க்கும் அம்மாள் கணவரையும் கூட்டிக்கொண்டு வந்தார். சீருடையில் புதுக் கஞ்சி மொடமொடத்தது.

"எங்க, உன்னைக் காணோம்?" என்றார் கணவர்.

"அந்த ரம்பம் என்னுதுதாங்க. மூஞ்சி எழுத்துக்குப் பின்னால இருக்கு." குறைபட்டுக்கொள்ளவில்லை, வேறு யாருடைய படத்தையோ விளக்குவதுபோலச் சொன்னார்.

டிசைனருக்கு அங்கே நிற்க முடியவில்லை. நேராக முதலாளி அறைக்குப் போனாள்.

"சார், நேர்மை படத்தைத் திரும்ப அச்சடிக்கணும்."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"இல்ல சார். வேணும்னே அந்த அம்மா முகத்தை மறைச்சேன்."

"மாத்துங்க. ஓரகத்திகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

சின்னவளிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது, தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். புதுப் படத்தில் சொல்லைச் சிறிதாக்கி, அறுபட்ட ஏணிக்குக் கீழே வைத்தாள். வந்தவர் எல்லாரும் புகைப்படத்தைத்தான் மெச்சினார்கள். டிசைனைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தரம் பார்க்கும் அம்மாள் மட்டும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் தனியாக வந்து நின்று, தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அன்று மாலை பஸ்ஸில் சின்னவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஏன்க்கா அப்படிப் பண்ணீங்க?"

"வயிறு எரிஞ்சுது."

"இப்ப?"

டிசைனர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இப்பவும்தான்."

சின்னவள் சிரிக்கவில்லை. தன் மடியில் இருந்த கேமரா பையைக் கீழே வைத்துவிட்டு, அக்கா வசதியாக உட்கார இன்னும் கொஞ்சம் இடம்விட்டு நகர்ந்துகொண்டாள்.